பிடியரிசி

காலையில் அம்மா உலை வைக்கும்போது முதலில் கேட்பது டின் சத்தம். அளந்து முறத்தில் கொட்டிய அரிசியிலிருந்து கை நிறைய ஒரு பிடி எடுத்து, மாடத்தில் இருக்கும் அமுல் ஸ்ப்ரே டின்னுக்குள் போடுவாள். மாதத் தொடக்கத்தில் டின் காலியாக இருக்கும். அரிசி விழுந்ததும் தகரம் 'சலார்' என்று அதிரும். பத்துத் தேதிக்கு மேல் அரிசி மேல் அரிசி விழுந்து சொரசொரக்கும். கடைசி வாரத்தில் சத்தமே வராது. காலண்டரைப் பார்க்காமல், போர்வைக்குள் கிடந்தபடியே மாதம் எங்கே வந்து நிற்கிறது என்று என்னால் சொல்லிவிட முடியும்.

அதற்குப் பிடியரிசிக் காணிக்கை என்று பெயர். சீர்காழியில் எங்கள் லுத்தரன் சபையைச் சேர்ந்த எல்லா வீட்டிலும் அப்படி ஒரு டின் இருந்தது. சில வீட்டில் ஹார்லிக்ஸ் பாட்டில், சில வீட்டில் மூடி இல்லாத மண் கலயம். சட்டம் ஒன்றே ஒன்றுதான்: சோறு வடித்து மிச்சம் பார்த்து எடுக்கக் கூடாது, உலையில் போடுமுன் எடுக்க வேண்டும். பஞ்ச காலத்தில் பானையில் மிஞ்சியிருந்த ஒரு பிடி மாவில் முதல் அடையை எலியாவுக்குச் சுட்டுக் கொடுத்த சாறிபாத் ஊர் விதவையின் கதையை ஞாயிறு பள்ளியில் சொல்லுவார்கள். எனக்கு அந்த விதவையின் முகம் அம்மாவின் முகமாகவும், பானை அமுல் ஸ்ப்ரே டின்னாகவுமே தோன்றும்.

எங்கள் ஊரில் அப்போது இரண்டு வகை ஐயர்கள். சட்டைநாதர் கோயிலில் தீபாராதனை காட்டுகிறவர் ஒரு ஐயர். எங்கள் போதகரையும் நாங்கள் 'ஐயர்' என்றுதான் சொல்வோம். அவர் மனைவி 'ஐயரம்மா'. பள்ளிக்கூடத்தில், "நேத்து எங்க ஐயர் வீட்ல கருவாட்டுக் குழம்பு" என்று நான் சொல்லப்போய், பக்கத்தில் இருந்த பையன் வாயைப் பிளந்தபடி உட்கார்ந்துவிட்டான்.

ஊரில் பெரியது சட்டைநாதர் கோயில்தான். எந்தத் தெருவில் நின்றாலும் கோபுரம் எட்டிப் பார்க்கும். சித்திரையில் திருமுலைப்பால் விழா. பசித்து அழுத சம்பந்தக் குழந்தைக்கு அம்மை பால் கொடுத்த குளக்கரையில் கூட்டம் நெரியும். எதிர்வீட்டு மாமி ஒரு டம்ளர் பாலோடு வந்து, "குழந்தைக்குக் குடு" என்று அம்மாவிடம் நீட்டுவாள். நாங்கள் கிறிஸ்தவர்கள் என்பது மாமிக்குத் தெரியாமல் இல்லை. அந்த ஊரில் அழுத குழந்தைக்குப் பால் உண்டு, அவ்வளவுதான்.

மாதக் கடைசிச் சனிக்கிழமை டீச்சர் பாட்டி வருவாள். மிஷன் பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் பிள்ளைகளை மணலில் எழுதவைத்து ஓய்வு பெற்றவள். புருஷன் போய்ச் சேர்ந்து நாளாகியிருந்தது, பிள்ளைகள் இல்லை. வெள்ளைச் சேலை, ஒரு மஞ்சள் பை. பைக்குள் ஓர் உழக்கு, ஒரு நோட்டு, சீவிச் சீவிக் குட்டையாகிப்போன ஒரு பென்சில். பின்னாலேயே எங்கள் சபைக் கோயிலில் மணி அடிக்கிற தாத்தா, கேரியரில் சாக்கு கட்டிய சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருவார்.

1983 அக்டோபர் கடைசி. மார்ட்டின் லூத்தர் பிறந்து 500 வருஷம் ஆகிறது என்று கோயிலில் கலர் பேப்பர் ஒட்டிக்கொண்டிருந்தோம். அடைமழை. அப்பா வீட்டிலேயே இருந்தார். அவர் கணக்கெழுதும் அரிசி மில்லுக்கு லீவு என்று அம்மா சொல்லியிருந்தாள். அப்பா வீட்டில் இருப்பது எனக்குக் கொண்டாட்டம். திண்ணையில் உட்கார்ந்து நாளெல்லாம் காகிதக் கப்பல் செய்து தருவார்.

டீச்சர் பாட்டி குடையை மடக்கி ஓரமாக வைத்துவிட்டு டின்னைத் தூக்கினாள். உள்ளங்கையில் வைத்து இரண்டு தரம் ஏற்றி இறக்கினாள். திறந்து ஒரு பிடி அள்ளி மூக்கருகே கொண்டுபோனாள். அம்மாவைப் பார்த்தாள். அம்மா அடுப்பைப் பார்த்தாள்.

"மவனுக்கு என்ன வயசு?"

"பத்து, டீச்சரம்மா."

"எழுத்து குண்டு குண்டா இருக்குமா?"

"இருக்கும்."

"அடுத்த மாசத்திலேருந்து எங்கூட அனுப்பு. எனக்குக் கண்ணு சரியாத் தெரியல, கணக்கு எழுத ஆள் வேணும். சும்மா இல்ல, மாசம் ரெண்டு படி அரிசி கூலி. சனிக்கிழமை சாப்பாடு எங்க வீட்ல."

என்னைக் கையில் பிடிக்க முடியவில்லை. ஞாயிறு பள்ளியில் என்னைவிட அழகாக எழுதுகிறவர்கள் மூன்று பேராவது இருந்தார்கள். அவர்களையெல்லாம் விட்டுவிட்டு என்னைத் தேடி வந்திருக்கிறாள்! அன்று ராத்திரி நோட்டுக்குக் கோடு போடும் ரூல்தடியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கினேன்.

மொத்தம் முப்பத்தெட்டு வீடு. தென்பாதியில் தொடங்கி, பிடாரி வீதிகள் வழியாக ரயில்வே குவார்ட்டர்ஸ், பிறகு கழுமலையாற்று வாய்க்காலைத் தாண்டிக் காலனி. வாசலில் நின்று பாட்டி, "தோத்திரம்" என்பாள். உள்ளேயிருந்து, "தோத்திரம் டீச்சரம்மா, வாங்க" என்று குரல் வரும். டின் வரும். பாட்டி கையில் ஏற்றி இறக்கி, ஒரு பிடி முகர்ந்து, உழக்கால் அளந்து சாக்கில் கொட்டுவாள். நான் எழுதுவேன். 'எட்டாம் வீடு, நாலு உழக்கு.' பெயர் எழுதக் கூடாது, வீட்டு எண் மட்டும்தான் என்பது பாட்டியின் கண்டிப்பு.

ஒவ்வொரு வீட்டு அரிசிக்கும் ஒரு முகம் இருந்தது. கம்பவுண்டர் வீட்டில் பழைய கிச்சடிச் சம்பா, முத்து முத்தாக. சொந்தத்தில் ரெண்டு மா நிலம் வைத்திருக்கிற வீடுகளில் ஐ.ஆர்.20. குறுவை அறுத்த கையோடு போனால் புது ஏ.டி.டி.36, பால் வாசனையோடு. கூலியாக வாங்கிய நெல்லை வீட்டிலேயே அவித்துக் குத்திய அரிசி காலனியில் கிடைக்கும். தவிட்டு நிறம் போகாமல் சிவந்திருக்கும். ரேஷன் அரிசிக்குக் கோணி வாசம்.

இந்த முகர்ந்து பார்க்கும் வித்தையை எனக்கும் பழக்கிவிட்டாள். ஒருநாள் ரயில்வே கேங்மேன் வீட்டில் நானே, "பாட்டி, இது ரேஷன் அரிசி! போன மாசம் இங்க பொன்னாட்டம் நல்ல அரிசி இருந்துச்சு" என்று கூவிவிட்டேன். பாட்டி என் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள். தெருமுனை வந்ததும் நின்று, "மூக்கு தெரிஞ்சுக்கிடணும். வாய்க்கு அங்க என்ன வேலை?" என்றாள்.

கண் தெரியவில்லை என்று சொன்னவள், அரிசியில் கிடக்கிற கல்லை மூன்றடி தூரத்திலிருந்து காட்டுவாள். பத்து வயதில் அதெல்லாம் யோசிக்கத் தோன்றுவதில்லை.

சுற்று முடிந்து அவள் வீட்டுத் தாழ்வாரத்தில் இலை போட்டு உட்காரவைப்பாள். நான் சாப்பிடும்போது நோட்டை வாங்கிக்கொண்டு, பென்சிலால் நாலைந்து வீட்டு எண்களுக்கு நேரே ஒரு புள்ளி வைப்பாள். நான் கூட்டலில் தப்பு விட்ட இடமாக்கும் என்று நினைத்து, கை கழுவிய பிறகு அவளுக்குத் தெரியாமல் திரும்பவும் கூட்டிப் பார்ப்பேன். சரியாகவே இருக்கும்.

முப்பத்தெட்டு வீட்டு அரிசியும் கோயில் பின்கட்டில் ஒரு பெரிய தகர டிரம்முக்குள் போகும். பாதியை விற்றுச் சபைக் கணக்கில் சேர்ப்பார்கள். மீதி, 'டீச்சரம்மா அரிசி'. இந்த டிரம்மை வைத்து ஒரு வழக்கு வந்தது. டவுன் வீட்டு அரிசியும் காலனி அரிசியும் ஒன்றாகக் கிடக்கிறதே, விலை போக மாட்டேனென்கிறது, இரண்டு டிரம்மாக வைத்தால் என்ன என்று ஒரு மூப்பர் கேட்டார். விலைதான் காரணமா என்பது கேட்டவருக்கும் தெரியும், கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கும் தெரியும். எங்கள் கோயிலில் அந்தக் காலத்திலும் காலனிக்காரர்கள் தாமாகவே பின்பக்கம் போய்த்தான் உட்கார்ந்தார்கள். 'தாமாகவே' என்று நாங்கள் சொல்லிக்கொண்டோம்.

பாட்டி பதிலே பேசவில்லை. அன்று சேர்ந்த கடைசிச் சாக்கை அவிழ்த்து டிரம்முக்குள் கவிழ்த்தாள். முழங்கை வரை உள்ளே விட்டுக் கிளறினாள். "கொட்டியாச்சு. பிரிக்க முடிஞ்சவங்க பிரிச்சுக்கங்க" என்று கையை உதறிக்கொண்டு வந்துவிட்டாள்.

இது எங்கள் ஊரில் புதிதாக வந்த வழக்கும் அல்ல என்று பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் 1833இல், சபைக்குள் சாதி வேற்றுமை கூடாது என்று சுற்றறிக்கை விட்டபோது தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் பெரிய பிளவே உண்டானது. கீர்த்தனைகளால் தமிழ்க் கிறிஸ்தவர்களைப் பாடவைத்த தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரே சாதி வழக்கத்தின் பக்கம்தான் நின்றார். அப்படி முறைத்துக்கொண்டு வந்தவர்கள் பலருக்கு இடம் கொடுத்தது எங்கள் லுத்தரன் மிஷன். பெருமைப்பட நிறைய வைத்திருக்கும் சபை இதையும் சேர்த்தே வைத்திருக்கிறது.

மூப்பர் சொன்னதில் ஒரு உண்மை இருந்தது. கலந்த அரிசி சோறாகாது. புது அரிசி குழைந்து களியாகும்போது பழைய அரிசி நறுக்கரிசியாகவே நிற்கும். சிவப்பரிசி அதற்கும் பிறகு. பாட்டி ஒருமுறை வடித்துப் பார்த்துவிட்டுக் கைவிட்டாள். அதனால் எங்கள் கோயிலில் எதற்கெடுத்தாலும் கஞ்சிதான். கஞ்சிக்கு எல்லா அரிசியும் ஒன்று. பொறுமையாகத் துழாவிக்கொண்டே இருந்தால் எல்லாம் கரைந்து வரும். எது எந்த வீட்டு அரிசி என்று அதன் தாய்க்கும் தெரியாது.

1984இல் பெரிய வெள்ளி ஏப்ரல் 20ஆம் தேதி வந்தது. நடுப்பகலில் ஆரம்பித்து மூன்று மணி வரை ஆராதனை. சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளுக்கும் ஏழு பிரசங்கம். நாலாவது வார்த்தைக்கே பசியில் எனக்குக் காது அடைத்துவிட்டது. முடிந்து வெளியே வந்தால் வேப்பமரத்தடியில் அண்டாவில் கஞ்சி, வாழைப்பட்டையில் பருப்புத் துவையல். அதற்கு முந்தின வருஷம் வரை டவுன்காரர்கள் வீட்டுக்குப் போய்விடுவார்கள், காலனிக்காரர்கள் தூக்குச்சட்டியில் வாங்கிப் போவார்கள். அந்த வருஷம் ஐயரம்மா வந்து, காலனிப் பெண்கள் உட்கார்ந்திருந்த வரிசையில் தரையில் உட்கார்ந்து, "டீச்சர், எனக்கும் ஊத்துங்க" என்றாள். ஐயர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். அப்புறம் கம்பவுண்டர். வழக்குப் போட்ட மூப்பர் மட்டும் செருப்பைத் தேடிக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார். அன்று அவர் உட்காரவில்லை. அடுத்த வருஷம் உட்கார்ந்தாரா என்பது எனக்கு நினைவில்லை. செருப்பைத் தேடிய முகம்தான் நினைவிருக்கிறது.

அந்த ஜூலை 9ஆம் தேதி, பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போடவைத்துப் பாட்டி என்னைத் தரங்கம்பாடிக்குக் கூட்டிப்போனாள். சோழன் பஸ், ஆக்கூர், திருக்கடையூர் தாண்டி. 1706இல் சீகன்பால்கும் புளூட்சோவும் வந்து இறங்கிய நாள். 1718இல் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்தில் ஆராதனை. கூட்டம், பாட்டு, பெரியவர்கள் பேச்சு. 1715இல் அச்சில் முடிந்த தமிழ்ப் புதிய ஏற்பாட்டைப் பற்றி, 1733இல் முதல் தமிழ்ப் போதகராக அபிஷேகம் பெற்ற ஆரோனைப் பற்றி, 1919இல் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை உருவானதைப் பற்றியெல்லாம் பேசினார்கள்.

பாட்டிக்கு அவற்றில் பெரிய அக்கறை இல்லை. என்னைக் கோட்டைப் பக்கம் கூட்டிப்போய் மதிலைக் காட்டினாள். "இதுக்குள்ளதான் சீகன்பால்கு ஐயரைப் போட்டு அடைச்சாங்க. நாலு மாசம்."

"எதுக்குப் பாட்டி? சாமி கும்பிட்டதுக்கா?"

"நாவிதர் பொண்டாட்டி ஒருத்தி. புருஷன் செத்துப்போயிட்டான். அவன் கடன் விவகாரம் அவ தலையில விடிஞ்சிருச்சு. அவளுக்கு நியாயம் கேட்கப் போனாரு. கவர்னர் பிடிச்சுப் போட்டுட்டான்."

1708இல் நடந்தது அது. வந்து இரண்டரை வருஷம்கூட முடியவில்லை. உள்ளூர்ப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் எழுதித் தமிழ் கற்ற மனிதர், அந்தத் தமிழை வைத்துக் கேட்ட வழக்கு ஒரு விதவையின் கடன் வழக்கு. முப்பத்தாறு வயதில் இறந்துபோய் அதே கோயிலுக்குள் புதைக்கப்பட்டிருக்கிறார். பாட்டி அந்தக் கல்லறைப் பக்கம் போகாமல் கடலைப் பார்த்தபடி கட்டுச்சோற்றைப் பிரித்தாள். எருசலேமில் இருந்த ஆதி சபையில் வந்த முதல் முறுமுறுப்பே பந்தி விசாரிப்பைப் பற்றித்தானாம். வேற்று மொழி பேசுகிற விதவைகளுக்கு அன்றாடச் சாப்பாடு சரியாகப் போய்ச் சேரவில்லை. அதை விசாரிக்கவே ஏழு பேரைத் தெரிந்தெடுத்தார்கள். "பிரசங்கம் பண்ணறதுக்கு இல்லடா, பரிமாறறதுக்கு" என்று சொல்லி, தயிர்சாதத்தில் பெரிய உருண்டையாக என் பக்கம் தள்ளினாள்.

பாட்டுக்கு எங்களிடம் குறைவே இருந்ததில்லை. கீர்த்தனை பிறந்த ஊர் என்றே சீர்காழியைச் சொல்லலாம். முத்துத்தாண்டவர் இந்த ஊர்க்காரர், அருணாசலக் கவிராயர் இங்கே வாழ்ந்தவர். அவர்கள் வளர்த்த பல்லவி, அனுபல்லவி, சரணத்தில்தான் எங்கள் கிறிஸ்தவக் கீர்த்தனைகளும் நடக்கும். 'பிரதாப முதலியார் சரித்திரம்' எழுதிய வேதநாயகம் பிள்ளை இங்கே முன்சீப்பாக இருந்தவர். கத்தோலிக்கர், ஆனால் எல்லாச் சமயத்தாரும் பாடும்படி சர்வ சமய சமரசக் கீர்த்தனை பாடியவர்.

மார்கழி விடியலில் நாங்கள் ஆர்மோனியத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கிறிஸ்துமஸ் பஜனை போவோம். மறுபக்கத்திலிருந்து திருவெம்பாவைக் கோஷ்டி வரும். முக்கில் சந்தித்தால் யாராவது ஒருவர் பாட்டை நிறுத்தி வழிவிடுவார்கள். பெட்ரோமாக்ஸ் வெளிச்சம் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து நகரும். பஜனை எல்லா வீட்டு வாசலிலும் நிற்கும், புள்ளி வைத்த வீடுகளில் மட்டும் ஒரு பாட்டு கூடுதலாக நிற்கும். பாட்டி அதற்குள் கொல்லைப் பக்கமாகப் போய்விட்டு வந்திருப்பாள்.

ஆகஸ்ட் கடைசியில் சிதம்பரம் பக்கமிருந்து காவி உடையில் கூட்டம் கூட்டமாக வேளாங்கண்ணிக்கு நடந்து போவார்கள். 29ஆம் தேதி கொடியேற்றம், செப்டம்பர் 8 பெரிய திருநாள். கால் வெடித்து, கொப்புளத்தில் துணி சுற்றி நடந்து வருவார்கள். பாட்டி ரோட்டோரம் கஞ்சி அண்டாவை இறக்குவாள். "நாம லுத்தரன். அவங்க மாதாவுக்கு நேந்துக்கிட்டுப் போறவங்க. அதுல பாதிப் பேர் இந்துக்கள்" என்று கமிட்டியில் ஒருவர் முணுமுணுத்தார். "கால் வலிக்கிறது யாருக்குன்னு பாத்து ஊத்தறேன்" என்றாள். அதற்குப் பிறகு அவரே வந்து டம்ளர் கழுவினார்.

ரப்பர் விஷயத்தை இங்கே சொல்ல வேண்டும். 1984 மார்ச் மாதக் கணக்கு எழுதிய நாள். என்னிடம் மாம்பழ வாசனை வரும் ரப்பர் ஒன்று இருந்தது. அப்பா மாயவரத்தில் ஒரு இரும்புக்கடையில் கணக்கெழுதப் போய், முதல் சம்பளத்தில் வாங்கி வந்தது. யாருக்கும் தொடக்கூடத் தர மாட்டேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பாட்டி கை நீட்டினாள்.

"டேய், உன் அழிரப்பரைக் குடு."

மனமில்லாமல் கொடுத்தேன். நோட்டில் எதையோ அழுத்தித் தேய்த்தாள். தூளை ஊதிவிட்டாள்.

"என்ன பாட்டி, கணக்குத் தப்பா?"

"இல்ல. ஒரு வீடு கரையேறிருச்சு."

"எந்த வீடு?"

"தெரிஞ்ச வீடுதான். சோறு போட்டுக்க."

ஏழாம் வகுப்பு போனதும் நான் கணக்கு எழுதுவது நின்றது. வேறொரு பையனைப் பிடித்திருந்தாள். எனக்குக் கொஞ்சம் பொறாமை. அந்தப் பையனின் அப்பா அப்போதுதான் இறந்திருந்தார்.

புள்ளியின் பொருளை எனக்குச் சொன்னது மணி அடிக்கிற தாத்தா. அப்போது எனக்குப் பதினைந்து வயது. இருட்டிய பிறகு அவர் சைக்கிள் சில தெருக்களுக்குப் போவதை ஒருநாள் பார்த்துவிட்டுக் கேட்டேன். டின் லேசானால் ஒரு புள்ளி. அரிசி மட்டமானாலும் புள்ளி. திடீரென்று டின் வழக்கத்தைவிடக் கனத்தால் அதற்கும் புள்ளி. அது கடன் வாங்கி நிரப்பிய டின். புள்ளி விழுந்த வீட்டுக்கு ராத்திரியில் சாக்கு போகும். வாங்கக் கூசுகிற வீடாக இருந்தால் வேலை போகும்: கோயில் விளக்குத் துடைக்க, அங்கி துவைக்க, அரிசியில் கல் பொறுக்க. கூலி, அரிசி. "காணிக்கை வாங்கப் போறதா ஊரு நினைச்சுது. அந்தம்மா போனது விசாரிக்க" என்றார் தாத்தா. கேட்டபோது எனக்கு மற்ற வீடுகள்தான் நினைவுக்கு வந்தன. கேங்மேன் வீடு, தையல்காரர் வீடு, வாய்க்கால் தாண்டி அந்த நாலு வீடு.

பிறகு சென்னை, வேலை, கல்யாணம். ஊருக்குப் போகும்போதெல்லாம் கோயில் கொஞ்சம் கொஞ்சமாக மாறிக்கொண்டிருந்தது. ஓட்டுக்கூரை போய்த் தளம் வந்தது, ஆர்மோனியம் போய்க் கீபோர்டு வந்தது. டின்னுக்குப் பதில் கவர். இப்போது வாசலில் ஸ்கேன் செய்யும் அட்டை. எதையும் குறையாகச் சொல்லவில்லை. பழைய அரிசிக் கணக்கைவிடத் தொகை பல மடங்கு. ஆனால் கவரைத் தூக்கிப் பார்த்து ஒரு வீட்டைத் தெரிந்துகொள்ள முடியாது. சபை எப்படி வளரும், எப்படித் தழைக்கும் என்று இப்போது கருத்தரங்கமெல்லாம் நடக்கிறது. போயிருக்கிறேன். ஒன்றில்தான் மிசோரமைப் பற்றிக் கேட்டேன். அங்கே பிரஸ்பிட்டேரியன் சபைப் பெண்கள் 1910இல் தொடங்கிய பிடியரிசியை இன்றும் விடாமல் எடுக்கிறார்களாம், ஒரு வேளையும் தவறாமல். அந்தப் பணத்தில் எத்தனை ஊழியங்கள் நடக்கின்றன என்று படம் போட்டுக் காட்டினார்கள். நான் பணத்தைப் பார்க்கவில்லை. அந்த மலைமேல் எந்தப் பாட்டி டின்னைக் கையில் ஏற்றி இறக்கிப் பார்க்கிறாள் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

2022 நவம்பரில் ஒரே நாளில் சீர்காழியில் 44 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஊரே டிவியில் வந்தது. பயந்து போன் போட்டபோது சபையின் வாலிபர்கள் கழுத்தளவு தண்ணீரில் காலனிப் பக்கம் போயிருப்பதாகச் சொன்னார்கள். எந்த வீட்டில் நடக்க முடியாத கிழவி இருக்கிறாள், எந்த வீட்டில் கைக்குழந்தை என்று அவர்களுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லையாம். அன்று எனக்குக் கொஞ்சம் தூக்கம் வந்தது.

போன வருஷம் அம்மாவைச் சென்னைக்கு அழைத்துவர வீட்டைக் காலி செய்தோம். பரண்மேல் தகரப் பெட்டி. உள்ளே என் ஐந்தாம் வகுப்புப் பரிசுச் சான்றிதழ், அப்பாவின் கண்ணாடிக்கூடு, பழுப்பேறிய ஒரு நோட்டு. பாட்டி இறந்தபோது, "இதுல உன் எழுத்துதான் இருக்கு" என்று மணி தாத்தா கொடுத்தது. அன்று புரட்டிப் பார்க்கவில்லை.

முதல் சில பக்கங்கள் பாட்டியின் கையெழுத்து. எறும்பு ஊர்வது போல் பொடிப்பொடியான, நேர்கோடு தவறாத எழுத்து. கண் தெரியாதவள் எழுதியதில்லை. அதில் கடைசிப் பக்கம், அக்டோபர் 1983. பதினேழாம் வீட்டுக்கு நேரே ஒரு பென்சில் புள்ளி.

பதினேழு எங்கள் வீடு.

நவம்பரிலிருந்து என் குண்டுக் கையெழுத்து. பதினேழுக்கு நேரே புள்ளி. டிசம்பரில் புள்ளி. ஜனவரியில், பிப்ரவரியில்.

நோட்டோடு அம்மாவிடம் போனேன். கேட்கவே வேண்டியிருக்கவில்லை. "மில்லை மூடிட்டாங்க. அண்ணன் தம்பி பாகப் பிரிவினை" என்றாள். "டின்னுல போட அரிசி இல்ல. எதிர்வீட்டு மாமிகிட்ட ரேஷன் அரிசி கைமாத்தா வாங்கி, தெரியக் கூடாதுன்னு நிறைய போட்டு வச்சேன். டீச்சரம்மா மோந்து பாத்துட்டு உன்னைக் கணக்கெழுதக் கேட்டாங்க." கொஞ்சம் நிறுத்தி, "நீதான் சந்தோஷமா குதிச்சே" என்றாள்.

மார்ச் பக்கத்தைத் திருப்பினேன். பதினேழுக்கு நேரே புள்ளி இல்லை. அழுத்தித் தேய்த்ததில் அந்த இடத்தில் மட்டும் தாள் மெலிந்து, வெளிச்சத்தில் பிடித்தால் அந்தப்பக்கம் தெரிந்தது. எனக்கு நப்பாசை. மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தேன். மாம்பழ வாசனை எப்போதோ போய்விட்டிருந்தது. லேசாக அரிசித் தவிட்டின் வாசம் வந்தது.